தீவுச் சபைக்கு ஓர் ஆள்

ஜனவரி 12

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் அவர் தயவால் சுகம். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது என்பதால், இனி எதுவானாலும் கடிதத்தில்தான் என்று அம்மா சட்டம் போட்டிருக்கிறாள். அந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து எழுதுகிறேன்.

நாலு வயதில் உனக்கு மூளைக் காய்ச்சல் வந்த கதை நீ அறிந்ததுதான். பதினோரு நாள் நீ கண் திறக்கவில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார். பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டு, "இந்தப் பிள்ளையைப் பிழைக்க வையும், இவளை உம்முடைய ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன்" என்று பொருத்தனை செய்தேன். அன்று சாயந்திரம் நீ தண்ணீர் கேட்டாய். இருபத்திரண்டு வருஷமாக அந்த வாக்கு என் தலைமேல் நிற்கிறது.

உன்னை இறையியல் கல்லூரியில் சேர்த்தேன். இரண்டாம் வருஷம் முடிந்ததும் அதை விட்டுவிட்டு லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்தாய். மூன்று வருஷம் வாயைத் திறக்காமல் பொறுத்தேன். (திறந்தீர்கள் என்று அம்மா பக்கத்திலிருந்து சொல்கிறாள்.)

இப்போது ஒரு வாசல் திறந்திருக்கிறது. தீவுச் சபைக்கு மூன்று வருஷமாகப் போதகர் இல்லை. பதினைந்து குடும்பம், தகரக் கூரை போட்ட ஆலயம், வாரத்துக்கு இரண்டே படகு. போக யாரும் சம்மதிக்கவில்லை. மண்டலத் தலைவரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். மீதிப் படிப்பை அங்கிருந்தே முடித்துக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார். ஏப்ரல் கடைசியில் நீ வந்துவிடுவாய் என்று போன ஞாயிறு நம் சபையில் பிரசங்கம் முடித்ததும் அறிவித்தும்விட்டேன். சபை முழுவதும் ஆமென் சொன்னது. ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேர்.

ஜெபத்துடன்,
அப்பா


ஜனவரி 25

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. நான் சுகம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்; சில நாள் வேளை கெட்ட வேளையிலும் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

சபை முழுவதும் ஆமென் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். போக வேண்டியவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். நான் வரமாட்டேன், அப்பா. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

நான் ஆண்டவரை விட்டுவிட்டு ஓடிவந்தவள் என்று நினைக்கிறீர்கள். என்னுடைய ஒரு நாளைச் சொல்கிறேன், கேளுங்கள். காலை ஆறரைக்கு முதல் கட்டடத்தின் மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்கு ஏறுவேன். கதவைச் சாத்திக்கொண்டு, "ஆண்டவரே, இன்னிக்கு இதுல ஏறுற அத்தனை பேரும் பத்திரமா இறங்கணும்" என்பேன். அப்புறம் பிரேக்கை இரண்டு தடவை பார்ப்பேன். ஜெபம் பண்ணியாயிற்றே என்று ஒரு தடவையோடு விடுவதில்லை. கம்பிக் கயிற்றை மெதுவாக ஓடவிட்டு, அதன்மேல் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எங்காவது ஓர் இழை அறுந்திருந்தால் அது துணியைக் கவ்வி இழுக்கும். கவ்விய இடத்தில் சாக்பீஸால் குறி போடுவேன். இப்படி ஒரு நாளைக்கு ஐந்து கட்டடம்.

கல்லூரியில் இரண்டு வருஷம் பிரசங்கம் செய்யப் பழகினேன். என் வாயிலிருந்து வந்ததெல்லாம் உங்கள் குரல்தான். கேட்டவர்கள் மெச்சினார்கள், எனக்கு நெஞ்சு வறண்டு கிடந்தது. இங்கே கை நிறையக் கிரீஸோடு நிற்கும்போது அவர் பக்கத்தில் இருப்பது தெரிகிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிகிறது. நான் சந்தோஷமாக இருக்கிறேன், அப்பா. என்னையறியாமல் பாட்டு வருகிறது. என்னோடு வேலை பார்க்கிறவருக்கு டார்ச் அண்ணன் என்று பெயர். பட்டப்பகலிலும் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு திரிகிறவர். அவர், "லிஃப்ட் குழிக்குள்ள இருந்து பாட்டு வருதுன்னு மூணாவது மாடிக்காரம்மா பயப்படுறாங்க, கொஞ்சம் மெதுவாப் பாடு" என்று தினமும் கெஞ்சுகிறார்.

போன மாதம் எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் கயிறு தேய்ந்திருந்தது. அங்கே இருக்கிற மேனேஜர், "எல்லாம் சரியா இருக்குன்னு ஒரு கையெழுத்துதானேம்மா, போட்டுட்டுப் போங்க. அடுத்த மாசம் மாத்திக்கலாம்" என்றார். போடவில்லை. லிஃப்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். புதுக் கயிறு வர மூன்று நாளாயிற்று. குடியிருப்பவர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். மூன்று நாளும் வேலை முடிந்ததும் அங்கே போய், மாடி ஏற முடியாதவர்களின் பைகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர்கள் திட்டிக்கொண்டே பையைக் கொடுத்தார்கள், நான் சிரித்துக்கொண்டே வாங்கினேன். வீடு திரும்பும்போது கால் இரண்டும் கெஞ்சின. மனசு மட்டும் துள்ளிக்கொண்டு வந்தது.

இது ஊழியம் இல்லையென்றால் எதுதான் ஊழியம் என்று நீங்களே சொல்லுங்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் அன்பு மகள்


பிப்ரவரி 9

அன்பான மகளுக்கு,

கேட்டாய், சொல்கிறேன். பொய்க் கையெழுத்துப் போடாதது நல்ல குணம். பை தூக்கியது நல்ல மனசு. அவரை அறியாதவர்களிலும் இவற்றைச் செய்கிறவர்கள் உண்டு. ஊழியம் என்பது வேறு. அவருக்கென்று பிரித்து வைத்த பிள்ளை, தனக்குப் பிடித்த வேலையைத் தேடிக்கொண்டு அதற்கு ஊழியம் என்று பெயர் வைத்துவிட முடியாது.

நான் இந்தப் பக்கம் படுகிற பாடு உனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பீடத்தில் ஏறும்போது, "நீ கொடுத்த வாக்கு எங்கே?" என்று அவர் கேட்பதுபோல் இருக்கிறது. என்ன பதில் சொல்ல? மகளுக்கு லிஃப்ட் பிடித்துவிட்டது என்றா?

மூப்பர்களோடு ஆலோசித்தேன். வாராவாரம் அச்சடிக்கும் ஜெபக் குறிப்பில், 'வழி விலகியோர்' என்ற தலைப்பின் கீழ், 'போதகரின் மகள்' என்று சேர்த்திருக்கிறோம். வேதனையோடுதான் சேர்த்தேன். சபை உனக்காக உபவாசித்து மன்றாடுகிறது. கோபப்படாமல் யோசி. அம்மாவைக் கேட்டால், இந்த விஷயத்தில் தன் வாயைப் பிடுங்க வேண்டாம் என்கிறாள். தீவுச் சபையில் உன் இடத்தை ஏப்ரல் கடைசி வரை வைத்திருப்பார்கள்.

கண்ணீருடன்,
அப்பா


பிப்ரவரி 21

அப்பாவுக்கு,

ஜெபக் குறிப்பு வந்து சேர்ந்தது. நம் சபை அம்மாமார் மூன்று பேர் தனித்தனியே தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் எனக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று சிவப்பு மையில் கோடும் போட்டிருக்கிறார். எனக்கு மேலே குடியை விட முடியாத தச்சர், எனக்குக் கீழே குடும்பத்தை விட்டு ஓடிப்போன பேக்கரிக்காரர். அவர்கள் இருவருக்காகவும் நான் ஜெபித்தேன். நடுவில் நான் வந்தபோது எனக்காக என்ன கேட்பது என்று தெரியாமல் தாண்டிப் போனேன்.

என்னை அதிலிருந்து எடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கவில்லை. எடுக்கிற வரை வீட்டு வாசற்படி ஏறமாட்டேன். நான் வழி விலகவில்லை, அப்பா. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எனக்கு வழி தெரிகிறது. அதைக் காட்டியவர் யார் என்றும் தெரியும். அது உங்களுக்குப் பிடித்த வழியாக இல்லை என்பதற்காக அவரிடம் திருப்பிக் கொடுக்கமாட்டேன்.

நாலு வயதில் மயங்கிக் கிடந்தவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. என்மேல் இருந்த இரக்கத்தால் அவர் என்னைப் பிழைக்க வைத்தார் என்று நான் நம்புகிறேன். பின்னால் ஒரு போதகர் கிடைப்பார் என்று பேரம் பேசிப் பிழைக்க வைத்ததாக நீங்கள் நம்புகிறீர்கள். நாம் இரண்டு பேரும் கும்பிடுவது ஒருவரைத்தானா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தீவுக்கு முதலில் யாரைக் கூப்பிட்டார்கள்? அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், நான்தான் போனில் துருவித் துருவிக் கேட்டேன். உங்களைத்தான் இரண்டு முறை கூப்பிட்டார்களாம். முதல் தடவை முழங்கால் வலி என்றீர்களாம். அடுத்த தடவை படகு ஒத்துக்கொள்ளாது என்றீர்களாம். மூன்றாம் தடவை கூப்பிடுவதற்குள் என்னைக் கைகாட்டிவிட்டீர்கள்.

மகள் கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். கடைசியாக எப்போது நீங்கள் சந்தோஷத்தோடு ஆராதனை நடத்தினீர்கள்? விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஞாயிறு மத்தியானம் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நானும் அம்மாவும் சத்தமில்லாமல் நடப்போம். அந்த முகம் எனக்கும் வந்துவிடும் என்று பயந்துதான் கல்லூரியை விட்டேன்.

மகள்


ஏப்ரல் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டால், "அப்பா ஊர்ல இல்லம்மா. எங்கன்னு கேக்காத, சொல்லக் கூடாதுன்னு உத்தரவு" என்கிறாள். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டேன். "உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் எழுதிய விதம் தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எழுதிய விஷயத்துக்குக் கேட்கமாட்டேன். தினமும் காலையில் மெஷின் ரூமில் உங்கள் பெயரையும் சொல்கிறேன். அப்பாவைத் திருத்தும் என்று கேட்பதில்லை, சந்தோஷம் கொடும் என்று மட்டும் கேட்கிறேன். திட்டியாவது ஒரு கடிதம் போடுங்கள்.

உங்கள் அன்பு மகள்


ஏப்ரல் 20

என் அன்பு மகளுக்கு,

உன் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்துவிட்டு நாலாகக் கிழித்தேன். அம்மா பொறுக்கியெடுத்து ஒட்டி வைத்தாள். ஒட்டியதை மறுபடி படித்தேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. முழங்கால் வலியாமே, காட்டுகிறேன் இவளுக்கு என்ற ரோஷத்தில்தான் படகு ஏறினேன். ஒரு ஞாயிறு அங்கே இருந்துவிட்டு வந்து, நான் போய்விட்டு வந்தாயிற்று, இனி நீ போ என்று உனக்கு எழுதுவதுதான் என் திட்டம். இதில் ஆவிக்குரிய விஷயம் எதுவும் கிடையாது.

படகு நிஜமாகவே ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மட்டில் நான் பொய் சொல்லவில்லை.

ஆராதனைக்குப் பதினாலு பேர் வந்திருந்தார்கள். பிரசங்கம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வலை பின்னுகிற அம்மா ஒருவர் கையைத் தூக்கி, "ஐயா, கொஞ்சம் நில்லுங்க. இப்பச் சொன்னது எனக்குப் புரியல" என்றார். முப்பத்தோரு வருஷத்தில் பீடத்தில் நிற்கும் என்னை யாரும் நிறுத்தியதில்லை. மறுபடி சொன்னேன். "இப்பவும் புரியல" என்றார். பக்கத்தில் இருந்த படகோட்டி, "எனக்கும்தான். வெக்கப்பட்டுக்கிட்டு சும்மா இருந்தேன்" என்றார். எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பையில் போட்டேன். பீடத்தை விட்டு இறங்கி, பெஞ்சை அவர்கள் எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நான் சொல்வதை நானே நம்புகிறேனா என்று எனக்குள் தேடித் தேடித்தான் ஒவ்வொரு வார்த்தையும் சொன்னேன். நம்புகிறேன் என்று தெரிந்தது. அது தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன், இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. நடுவில் அந்த அம்மா, "முழங்காலப் பிடிச்சுக்கிட்டே பேசுறீங்களே ஐயா, முழங்கால்தான் உங்களுக்குப் பிரசங்கம் எடுத்துக் குடுக்குதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆலயத்துக்குள் நான் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

ஒரு ஞாயிறுக்குப் போனவன் ஐந்து ஞாயிறு இருந்துவிட்டேன். உன் கேள்விக்கு இதுதான் பதில்.

பொருத்தனை செய்த வாய் என்னுடையது. போக வேண்டிய கால் மட்டும் உன்னுடையது என்று இத்தனை வருஷம் சாதித்தேன். போன ஞாயிறு நம் சபையில் எழுந்து நின்று இதைச் சொன்னேன். இரண்டு முறை நான் மறுத்ததையும் சொன்னேன். ஜெபக் குறிப்பில் உன் வரியை என் கையாலேயே கோடு போட்டு அடித்தேன். ஊரைக் கூட்டி உன்னைத் தலைகுனிய வைத்தவன் நான், அதனால் ஊர் கூடியிருக்கும்போதே அடித்தேன். என்னை மன்னித்துக்கொள், மகளே. இந்த வார்த்தையை நான் இதுவரை உனக்கு எழுதியதில்லை.

தீவுச் சபைக்கு நானும் அம்மாவும் போகிறோம். மூப்பர்கள் வீட்டுக்கே வந்து, "இந்த வயசுல எதுக்கு ஐயா இந்த வீம்பு?" என்றார்கள். அழைப்பு எனக்கு வந்தது, உங்களிடம் கேட்டுவிட்டு வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். இந்தத் திமிர் உங்களுக்கு எங்கேயிருந்து வந்தது என்று அம்மா கேட்டாள். உன் மகளிடமிருந்துதான், வேறு யாரிடமிருந்து என்றேன். நேற்றிலிருந்து பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

லிஃப்ட் வேலையும் ஊழியமும் ஒன்று என்று நான் இன்னும் முழுசாக ஒத்துக்கொண்டுவிடவில்லை. அதைப் பற்றிச் சண்டை போட நமக்கு நிறைய நாள் இருக்கிறது. தீவுக்குத் தபால் போய்ச் சேரப் பத்து நாளாகும், அதனால் சண்டையும் மெதுவாகத்தான் நடக்கும்.

எங்கள் படகு மே ஏழாம் தேதி, வியாழக்கிழமை காலை. இதைப் படித்ததும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வழியனுப்ப ஓடி வருவாய் என்று அம்மா சொல்கிறாள். வராதே. அது உனக்கு வேலை நாள். உன்னை நம்பி ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தீவுச் சபையின் போதகர்,
உன் அப்பா