ஒன்றேகால் லட்சம் தள்ளி எடுத்த சீட்டு

29-7-2025, செவ்வாய், திண்டிவனம்

மூன்றாமாண்டுக்கு இன்று ‘இன்றைய மதிப்பு’ நடத்தினேன். பதினான்கு மாதம் கழித்து வரும் ஐந்து லட்சம், மாதம் ஒரு சதவீதம் வீதம் கழித்தால் இன்று நாலு லட்சத்து முப்பத்தைந்தாயிரம்தான். போர்டைத் துடைக்கும்போது ராஜ்குமார் வராந்தாவில் போனான். துறைத்தலைவர்! 2011இல் நிர்வாகத்திடம் என்னைக் கோள் சொல்லிப் பிடித்த நாற்காலி. மாதம் எட்டாயிரம் சம்பள வித்தியாசம், பதினான்கு வருடம். வட்டியோடு முப்பத்து நாலு லட்சத்தைத் தாண்டிவிட்டது. வருடாவருடம் போட்டுப் பார்க்கிறேன்.

1-8-2025, வெள்ளி

அவன் மகள் பானுப்ரியாவுக்குச் சென்னையில் எம்.பி.ஏ. இடம். இருபதாம் தேதிக்குள் மூன்றரை லட்சம் கட்ட வேண்டுமாம். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை ஏலச்சீட்டை அவன் எடுத்தாக வேண்டும். அதே சீட்டில் நானும் இருக்கிறேன்.

2-8-2025

அவசரக்காரன் சீட்டுத் தொகையில் எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளுவான். தள்ள வைக்கிறேன்.

3-8-2025, ஞாயிறு

விழுப்புரம், சீட்டு நடத்தும் தென்னரசு கடை மாடி. இருபது பேர், ஆளுக்கு மாதம் இருபத்தைந்தாயிரம், ஐந்து லட்சம், ஆறாவது சீட்டு; இன்னும் பதினான்கு மாதம். யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்குச் சீட்டு. தள்ளிய பணம் எல்லோருக்கும் பங்கு.

வகுப்பில் போட்ட கணக்குப்படி அறுபத்தைந்தாயிரத்துக்கு மேல் தள்ளுவது முட்டாள்தனம். தெரிந்துதான் அவனை ஓட்டினேன். நான் எண்பது. அவன் தொண்ணூறு. நான் லட்சம். அவனுக்கு வியர்த்தது — ஆகா! அவன் ஒன்று இருபது. நான் ஒன்று இருபத்தைந்து.

அவன் பேனாவை மூடினான். "எனுக்குக் கட்டுப்படியாவாது. சாரே எடுத்துக்கட்டும்."

தென்னரசு மூன்று தரம் சொல்லி முடித்தார். "இன்னா வாத்தியாரே, அம்மாம் அவசரமா?" எல்லோரும் சிரித்தார்கள்.

தேவையே இல்லாத மூன்று லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பையில். அவன் ஏன் நின்னான்? சரியா ஒன்னு இருபதுல எப்டி நின்னான்?

4-8-2025

ஸ்டாஃப் ரூமுக்கு அவனே வந்தான்.

"தேங்க்ஸ் சார். உங்க புண்ணியத்துல எல்லாருக்கும் தவணையில ஆறாயிரத்து எரநூத்தம்பது கம்மி. வெளியில ரெண்டு வட்டிக்கு வாங்கினாலும் ஒன்னு இருபதோட சரி, அதுக்கு மேல போவாதப்பான்னு பானு எழுதிக் குடுத்துச்சு. போன வருஷம் நீங்க நடத்துன பாடமாமே! அவங்கம்மா வளையல பேங்க்ல வச்சிக்கினு ஃபீஸ கட்டிடுறோம்."

நான் என் வட்டிக்குக் கணக்குப் போட்டேன். அவள் அவன் வட்டிக்குப் போட்டிருக்கிறாள். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

7-9-2025, ஞாயிறு

ஏழாவது சீட்டு. ஒருமுறை எடுத்தவன் மறுபடி கேட்க முடியாது. வாயை மூடி உட்கார்ந்திருந்தேன். வேறு யாருக்கும் அவசரமில்லை. ராஜ்குமார் வெறும் இருபதாயிரம் தள்ளி எடுத்துக்கொண்டான். நாளைக்கு வளையலை மீட்கிறானாம்.

அதில் என் பங்கு ஆயிரம். தென்னரசு அதைக் கழித்துக்கொண்டு இருபத்துநாலாயிரம் வாங்கினார். டீ சொன்னது ராஜ்குமார். குடித்தேன்.

இன்னும் பதின்மூன்று மாதத் தவணை.