அடைப்பு இல்லை

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் முதல் வார்த்தையே "சாப்பிட்டியா பாப்பா?" என்பீர்கள். எனக்குப் பதில் வராது. அப்புறம் உங்களுக்கும் பேச்சு வராது. பின்னால் உங்கள் குடிநீர் பம்ப் ஹவுஸ் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இனிமேல் கடிதம் எழுதுவோம். ஒரே ஒரு நிபந்தனை, அந்தக் கேள்வி கூடாது. மற்ற வம்பெல்லாம் தாராளமாக எழுதலாம்.

என் கதை இதுதான். இரண்டு வாய் வைத்தாலே இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி வயிறு முட்டிக்கொள்கிறது. காலையில் சாப்பிட்டது ராத்திரி அப்படியே வெளியே வருகிறது. போன வாரம் டிக்கெட் கவுண்டரில் பாதியில் எழுந்து ஓடினேன். வரிசையில் நின்ற ஒருவர், "மீதிச் சில்லறையைக் குடுத்துட்டு ஓடும்மா!" என்று கத்தினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது.

முதலில் எல்லோரும் என்ன நினைத்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். பம்ப் ஹவுஸ் முழுக்க இனிப்பு கொடுத்தவர் நீங்கள். அது இல்லை என்று தெரிந்ததிலிருந்து மாமியார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வாந்தி எடுத்து ஏமாற்றிவிட்டேனாம். வாயு மாத்திரை, அமில மாத்திரை எல்லாம் ஆயிற்று. நேற்று வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். புண் இல்லை, அடைப்பு இல்லை. "ஒண்ணுமில்லம்மா, கவலைப்படாம நல்லா சாப்பிடு" என்றார் டாக்டர்.

அம்மா இல்லாத வீட்டில் நீங்கள் என்ன சமைக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

பாப்பா


மார்ச் 16

என் அருமைப் பாப்பாவுக்கு,

முதல் வரியில் அடித்துக் கிறுக்கியிருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே. பழக்கதோஷம்.

அடைப்பு இல்லை என்று படித்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. என் சர்வீஸ் முழுக்க நான் பார்த்தது அதைத்தானே? தண்ணீர் வரவில்லை என்று தெருவே திரண்டு வந்து சண்டை போடும். தோண்டிப் பார்த்தால் எங்காவது ஒரு துணி, ஒரு செருப்பு, ஒரு தடவை முழுசாக ஒரு பந்து. எடுத்துப் போட்டால் தீர்ந்தது. அடைப்பு இல்லாவிட்டால் தண்ணீர் ஓடியே ஆக வேண்டும். ஆகவே நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. சின்ன வயதிலிருந்தே நீ மெதுவாகத்தான் சாப்பிடுவாய். நீ முடிப்பதற்குள் எதிரே உட்கார்ந்திருக்கும் எனக்குக் கை காய்ந்துவிடும்.

பம்ப் ஹவுஸுக்கு ஒரு நாய் வந்து சேர்ந்திருக்கிறது. எலும்பை எண்ணலாம், அப்படி ஒரு மெலிவு. வரும், மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும், நிழலில் படுத்துவிடும். இன்ஜினியர் என்று பெயர் வைத்துவிட்டோம்.

அப்பா


ஏப்ரல் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறினோம். இங்கே ஒரு டாக்டரம்மா. நான் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்டார். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு பரிசோதனை செய்தார்கள். ஏதோ மருந்து கலந்த முட்டையைச் சாப்பிடச் சொல்லி, மணிக்கொரு தடவை வயிற்றைப் படம் எடுத்தார்கள். முட்டை வயிற்றை விட்டு எப்போது கிளம்புகிறது என்று பார்க்கிறார்களாம். நாலு மணி நேரம் ஆகியும் பாதிக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருந்தது, வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி.

அடைப்பு இல்லைதான் அப்பா. வயிறு நகர்த்தவில்லை. வயிற்றின் தசை தானாகச் சுருங்கி விரிந்து சாப்பாட்டைக் குடலுக்குத் தள்ள வேண்டும். அதைச் செய்யச் சொல்லும் நரம்பு எனக்குப் பழுதாகியிருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இப்படி ஆவதுண்டாம், எனக்குச் சர்க்கரை இல்லை. போன வருஷம் வந்த விஷக்காய்ச்சலாக இருக்கலாம் என்றார். "நிறைய பேருக்குக் காரணமே தெரியாமப் போயிடுதும்மா" என்றும் சொன்னார். முழுசாகக் குணமாகுமா என்று இவர் கேட்டார். டாக்டரம்மா மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்துவிட்டு, "சமாளிக்கலாம்" என்றார்.

இப்போதைக்கு எல்லாவற்றையும் அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, எண்ணெயும் நாரும் இல்லாமல். வயிற்றைத் தள்ள ஒரு மாத்திரை. உங்கள் மாப்பிள்ளை இப்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே சாப்பிடுகிறார், திருடன் மாதிரி. நான் பார்த்து ஏங்கிவிடுவேனாம்.

பாப்பா


ஏப்ரல் 20

அருமைப் பாப்பா,

உன் கடிதத்தை மருந்துக் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார், கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். மோட்டார் நன்றாக இருக்கிறது, குழாய் சுத்தமாக இருக்கிறது, தண்ணீர் மட்டும் நகரவில்லை என்று யாராவது என்னிடம் வந்திருந்தால் குடித்திருக்கிறாயா என்று கேட்டிருப்பேன்.

சாப்பிட்டதும் கொஞ்சம் நடந்து பாரேன். வெந்நீர் குடித்துப் பாரேன். இதெல்லாம் நீ செய்யாமலா இருப்பாய்? ஆனால் எழுத வேறு என்ன இருக்கிறது எனக்கு? யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. காய்ச்சல்மேலா கோபப்படுவது?

நான் அங்கே வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா? இன்ஜினியர் தேறிவிட்டான், உடம்பில் ஒரு மினுமினுப்பு வந்திருக்கிறது.

அப்பா


மே 25

அன்புள்ள அப்பாவுக்கு,

வர வேண்டாம். வந்தால் என் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். தாடை தானாகக் கோணிக்கொண்டது, கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வேறு மாத்திரையும் பார்த்தாயிற்று. தண்ணீர்கூடத் தங்காமல் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கல்யாண மோதிரம் நழுவுகிறது என்று நூல் சுற்றியிருக்கிறேன். கவுண்டர் வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

டாக்டரம்மா ஒரு வழி சொல்கிறார். வயிற்றின்மேல் சின்னத் துளை போட்டு, வயிற்றைத் தாண்டி நேராகச் சிறுகுடலுக்குள் ஒரு மெல்லிய குழாய். அது வழியாகச் சத்துத் திரவம் போகும். குடல் நன்றாக வேலை செய்கிறதாம், வயிறுதான் சண்டித்தனம் செய்கிறதாம். வால்வு கெட்டுப்போய்த் திறக்கவே முடியாவிட்டால் நீங்கள் சுற்றி வேறு குழாய் போட்டுத் தெருவுக்குத் தண்ணீர் விடுவீர்களே, அதேதான்.

இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாமியார்கூடச் சரி என்றுவிட்டார். நான்தான் உங்கள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன். முப்பத்தொரு வயதில் எதற்கு என்று கேட்காதீர்கள். பயமாக இருக்கிறது அப்பா.

பாப்பா


மே 30

பாப்பா,

வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம். குழாய்க்கு வலிக்காது. எத்தனையோ குழாயை அறுத்திருக்கிறேன், ஒன்றுகூட என்னை அப்பா என்று கூப்பிட்டதில்லை. நீ பிறந்தபோது உன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. அங்கே துளை போடச் சொல்லி என் கையால் எப்படி எழுதுவேன்?

வேறு டாக்டர் யாரையாவது பார்க்கச் சொல். பார்த்தாயிற்று என்பாய். தெரியும்.

அப்பா


மே 31

சரி. நேற்றைய கடிதத்தைக் கிழித்துப் போடு.

அப்பா


ஜூலை 2

அன்புள்ள அப்பாவுக்கு,

குழாய் போட்டுப் பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது. வலி குறைந்துவிட்டது. குமட்டல் போகவில்லை, அது போகாதாம். ஆனால் எடை இறங்குவது நின்றிருக்கிறது.

நீங்கள் சிரிக்க ஒரு விஷயம். இதற்கும் ஒரு பம்ப் இருக்கிறது. டிபன் பாக்ஸ் அளவுதான். சாயந்தரம் ஏழு மணிக்கு மாட்டினால் விடிய விடியச் சொட்டுச் சொட்டாக ஓடும். குடலுக்கு மொத்தமாக ஊற்றக் கூடாது. முந்தாநாள் அது கீச்கீச்சென்று கத்தியது. திரையில் என்ன வந்தது தெரியுமா? அடைப்பு! இத்தனை மாதமாக ஊரே தேடிக் கிடைக்காத அடைப்பு. திரவம் குழாயில் கட்டிப் போயிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரை ஊசிக்குழலில் எடுத்து மெல்லத் தள்ளினேன், திறந்துகொண்டது. உங்கள் மகள்தானே என்று நினைத்துக்கொண்டேன். சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன்.

இப்போது உங்கள் விஷயம். பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். மார்ச்சில் நாய்க்கு எலும்பை எண்ணலாம். ஏப்ரலில் மினுமினுப்பு. போன வாரம் இவர் போன் செய்தபோது, இன்ஜினியருக்கு உடம்பு பெருத்துப் படி ஏற முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்று பெருமையாகச் சொன்னீர்களாம். பம்ப் ஹவுஸ் நாய்க்கு எந்த இலாகா சாப்பாடு போடுகிறது? கூடவே பெல்ட்டை இறுக்கப் புதுசாக ஓட்டை போட்டதையும் உளறியிருக்கிறீர்கள்.

இங்கே ஒருவர் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறார். அங்கே ஒருவர் திருட்டுத்தனமாகச் சாப்பிடாமல் இருக்கிறார். உங்கள் வயிறு நன்றாக இருக்கிறது அப்பா. அதைப் பட்டினி போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது? எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா?

நிபந்தனையை நானே எடுத்துவிடுகிறேன். இனிமேல் நான் கேட்பேன். சாப்பிட்டீர்களா?

பாப்பா


ஜூலை 8

என் அருமைப் பாப்பாவுக்கு,

சாப்பிட்டேன். பொய் இல்லை, பாதிக்கு மேலேயே சாப்பிட்டேன்.

திட்டாதே. வேண்டுமென்று செய்யவில்லை. தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் உன் முகம் வருகிறது. பிசைந்துகொண்டே இருப்பேன், வாய்க்குப் போகாது. இன்ஜினியர் எதிரே வந்து உட்காருவான், தள்ளிவிடுவேன். நான் பட்டினி கிடந்தால் உன் வயிற்றில் ஒரு பருக்கைகூட நகராது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஊரெல்லாம் தண்ணீர் ஓட வைத்தவனுக்கு உன் விஷயத்தில் செய்ய ஒன்றுமே இல்லை. ஒன்றும் செய்யாமல் இருக்கவும் தெரியவில்லை.

குழாயை எப்போது எடுப்பார்கள் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்றிலிருந்து ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். பகல் ஷிப்ட் கேட்டு வாங்கிவிட்டேன், ஆறரைக்கு வீடு. சோற்றை ஆக்கி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ பம்பை மாட்டும் நேரத்துக்குச் சரியாகத் தட்டு போட்டுக்கொள்கிறேன். உனக்கு விடிய விடிய ஆகும் என்கிறாய். ஆகட்டும். நீ எப்போது சீக்கிரம் முடித்திருக்கிறாய்? உனக்கு முன்னால் நான் எப்போது தட்டை விட்டு எழுந்திருக்கிறேன்?

இன்ஜினியர் பின்னாலேயே வீடு வரை வந்துவிட்டான். வாசலில் உட்கார்ந்துகொண்டு என்னை முறைக்கிறான். முறைக்கட்டும், இனி மிச்சம்தான் அவனுக்கு.

மணி ஏழாகப் போகிறது. நீ பம்பைப் போடு பாப்பா. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா