வெறும் கண்ணாடியும் குணமாகிவிட்டது

மார்ச் 3, திங்கள்

காலைக் கூட்டத்தில் லேப் தலைவர் மறுபடியும் வரைபடத்தின் அந்த இரண்டு தூண்களையும் திரையில் போட்டார். மருந்துக்கு முன் உயரமான தூண், மருந்துக்குப் பின் அதில் பாதி. எத்தனை தரம் பார்த்தாலும் மனிதருக்குச் சலிக்கவில்லை. கல்யாண ஆல்பம் தோற்றது போங்கள்.

புது மருந்தைச் சாப்பிட்ட முதல் குழு நோயாளிகளின் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுத்த துளிச் சதை. ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, முடித்த பின் ஒரு தடவை. கண்ணாடித் தகட்டில் வைத்துச் சாயம் ஏற்றினால் நோயால் விழுந்த தழும்பு நீலமாகத் தெரியும். மைக்ரோஸ்கோப் படத்தில் நீலம் எவ்வளவு என்று கணக்கிடும் நிரலை எழுதினவள் நான். "நம்ம கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு, தழும்பு பாதியாயிடுச்சு" என்கிறார். அப்படியே கம்ப்யூட்டருக்கே சம்பளத்தையும் கொடுத்துவிட வேண்டியதுதானே.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். அவளுக்கும் அதே சிறுநீரக நோய்தான். மருந்துச் சோதனையின் இரண்டாவது குழுவில் அவளைச் சேர்த்துக்கொண்டார்களாம். "உன் மருந்துதான்டீ!" என்று ஒரே குதிப்பு. என் மருந்து இல்லை, நான் படத்தை எண்ணுகிறவள் என்று எத்தனை தரம் சொன்னாலும் காதில் ஏறாது. தங்கச்சி கண்டுபிடித்த மருந்து என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 6, வியாழன்

அறிக்கைக்கு ஜோடிப் படங்கள் வேண்டுமாம். ஒரே நோயாளியின் முன் படத்தையும் பின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சதையைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். கண் ஏனோ ஓரத்துக்கே போனது. அங்கே சதையே இல்லை, வெறும் கண்ணாடி. முன் படத்தில் அது அழுக்கு மஞ்சள். பின் படத்தில் பளிச்சென்று வெள்ளை.

அடுத்த நோயாளி. அதே கதை. அதற்கடுத்தவர். அதேதான்.

வெறும் கண்ணாடியுமா மருந்து சாப்பிட்டது?

ஒரு புள்ளி குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருட்டாக இருந்தால் தழும்பு, இல்லாவிட்டால் இல்லை. என் நிரலுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். படம் முழுக்க வெளிச்சம் கூடினால் தழும்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கிலிருந்து உதிர்ந்துவிடும். வெளிச்சம் மாறாது என்று நம்பித்தான் அந்த அளவை வைத்தேன். மாறியிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

படம் பிடித்தவனைக் கேட்டேன். லேபில் அவனுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பான்.

"நடுவுல ஏதாவது மாத்தினியா?"

"ஒண்ணும் மாத்தலையே... ஆங், பல்பு போச்சு. புதுசு போட்டோம். நல்ல வெளிச்சம்ப்பா, கண்ணு வலிக்கவே இல்ல."

"எப்போ?"

"முன் படமெல்லாம் முடிச்சப்புறம். பின் படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி."

சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் வெளுத்துவிட்டது. அப்போதும் வாய் சும்மா இருந்ததா? "அப்போ மொத்த லேபும் பல்பு வாங்கிடுச்சுன்னு சொல்லு" என்றான். சிரிப்பு வந்துவிட்டது. கூடவே ஓங்கி ஒரு அறை விடவும் கை துடித்தது. பல்பை மாற்றினேன் என்று யாரிடமாவது ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை — சொல்லித் தொலைக்கக் கூடாதா?

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீடு. கண்ணாடி முன் நின்று கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வீக்கம் வத்தியிருக்கு பாரேன்."

பழைய மாத்திரையை நிறுத்திவிட்டாள்! புது மருந்து தொடங்கும் முன் பழையது உடம்பில் மிச்சம் இருக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அந்த மாத்திரைதான் அவள் முகத்தை ஊத வைத்தது, முடியைக் கொட்ட வைத்தது. அவள் சிறுநீரகத்தை இத்தனை காலம் இழுத்துப் பிடித்து வைத்திருப்பதும் அதே மாத்திரைதான்.

"திரும்ப ஆரம்பிச்சிடுக்கா. இன்னிக்கே."

பல்பைப் பற்றிச் சொன்னேன், படபடவென்று, கோணல்மாணலாக. அத்தான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது உறுதியா தெரியுமாம்மா?" என்றார். நியாயமான கேள்வி. இன்னும் இல்லை என்றேன்.

"உறுதி இல்லைன்னா என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதே" என்றாள் அக்கா. "என் மூஞ்சி இப்பத்தான் எனக்குத் திரும்பி வருது. உனக்குப் பொறுக்கலையா?"

பொறுக்கலையா! என்னைப் பார்த்து! சின்ன வயதிலிருந்து இவள் ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்தவளைப் பார்த்து! செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

தலைவரிடம் சொன்னேன். "பல்பையெல்லாம் பெரிசு பண்ணாதீங்கம்மா. கம்ப்யூட்டர்லயே வெளிச்சத்தைச் சமன் பண்ணி ஓட்டிப் பாருங்க."

ஓட்டினேன். வெறும் கண்ணாடி எல்லாப் படத்திலும் ஒரே வெள்ளையாக வரும்படி சமன் செய்தேன். இரண்டு தூணும் ஒரே உயரம்.

மார்ச் 11, செவ்வாய்

காட்டினேன். "அப்படின்னா சமன் பண்ணினதுலதான் ஏதோ தப்பு" என்றார், வாய் கூசாமல். சமன் செய்யச் சொன்னதே அவர்தான்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், இன்றுதான் நேரில் பார்த்தேன். அடுத்த மாதம் வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு நிதானமாகப் பேசலாமாம்.

அடுத்த மாசமாம்! அங்க எங்கக்கா மாத்திரை இல்லாம உக்காந்திருக்கா. உள்ள என்ன நடக்குதுன்னு எவனுக்குத் தெரியும்? இவருக்கென்ன, நிதானமாம் நிதானம். வாய்விட்டே கேட்டேன். "சொந்தக்காரங்க விஷயத்தை இதுல கலக்காதீங்க" என்றார். மற்ற நோயாளிகள் யாருக்குமே சொந்தக்காரர்கள் இல்லையா?

மார்ச் 12, புதன்

செவிடன் காதில் ஊதிய சங்கு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குச் சோதனையை நடத்தும் சிறுநீரக டாக்டரம்மாவும் வருகிறார். இனி வாயால் பேசிப் பிரயோஜனமில்லை.

மார்ச் 14, வெள்ளி

தலைவர் தூண்களைப் போட்டு முடித்ததும் எழுந்து, எல்லோரும் ஐந்து நிமிஷம் மைக்ரோஸ்கோப் அறைக்கு வாருங்கள் என்றேன். டாக்டரம்மா எழுந்ததால் தலைவரும் எழ வேண்டியதாயிற்று. அவசரக்குடுக்கை கேமராவைத் தயாராக வைத்திருந்தான்.

முன் தகடு ஒன்றை எடுத்தேன். பழைய படத்தில் தழும்பு நிறைய உள்ள நோயாளி. அதே தகட்டைப் புதுப் பல்பின் கீழ் வைத்துப் படம் பிடித்து, அங்கேயே நிரலை ஓட்டினேன். திரையில் நீலம் சுருங்கிவிட்டது. தழும்பு பாதி.

"மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்த சதை சார் இது" என்றேன். "ஒரு மாத்திரைகூட உள்ள போகலை. பல்பை மாத்தினதுலயே இந்தம்மா பாதி குணமாயிட்டாங்க. பேசாம நோயாளிங்களுக்கு ஆளுக்கொரு பல்பு குடுத்து அனுப்பிடலாமா?"

கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. வராண்டாவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எல்லாத் தகட்டையும் ஒரே வெளிச்சத்துல திரும்ப எடுங்க. பேரை மறைச்சு, முன்னையும் பின்னையும் கலைச்சுப் போட்டு. திங்கட்கிழமை எனக்கு வேணும்" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

அவசரக்குடுக்கை தகடுகளின் பெயரை ஒட்டுத்தாளால் மறைத்து, கலைத்துக் கலைத்துக் கொடுத்தான். எது முன், எது பின் என்று தெரியாமலேயே எண்ணினேன். கடைசியில் ஒட்டுத்தாளைப் பிரித்துக் கூட்டினோம். வித்தியாசம் ஒன்றுமில்லை. மருந்து தழும்பைத் தொடக்கூட இல்லை. அவன் இன்று ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

இவ்வளவு கத்தினேனே — உள்ளுக்குள் நான் தோற்றுப்போக வேண்டும் என்றுதான் இருந்திருக்கிறது. மருந்து நிஜமாகவே வேலை செய்திருக்கக் கூடாதா, பாழாப்போன மருந்து!

மார்ச் 17, திங்கள்

டாக்டரம்மா சோதனையை நிறுத்திவிட்டார். இரண்டாவது குழுவில் எல்லோருக்கும் பழைய மாத்திரையை உடனே தொடங்கச் சொல்லிப் போன் போயிருக்கிறது. தலைவர் என்னை வேறு வேலைக்கு மாற்றினார். காரணம் கேட்டேன். "டீம் ஒத்துழைப்பு" என்றார். போய்யா நீயும் உன் ஒத்துழைப்பும்.

அக்கா போனில் ஒரே வரி. "ஜெயிச்சிட்டல்ல, சந்தோஷமா இரு."

மார்ச் 18, செவ்வாய்

அக்கா போனை எடுக்கவில்லை. எடுக்காமல் போகட்டும். மாத்திரையைப் போட்டுக்கொண்டால் சரி.

ஏப்ரல் 4, வெள்ளி

அத்தான் சொன்னார். அக்காவுக்கு ரத்தத்தில் உப்பு ஏறியிருக்கிறது, சிறுநீரகம் வடிகட்டுவது குறைகிறது என்று அர்த்தம். மாத்திரையை நிறுத்தியிருந்த இடைவெளியில் ஏறியதாம். இறங்கலாம், இறங்காமலும் போகலாம்.

ஒரு பல்பு! ஒரு பல்புக்காக!

லேபில் தலைவர் எதிரில் வந்து, "அக்கா சௌக்கியமா?" என்றார். அவரைத் தாண்டிக்கொண்டு நடந்தேன். வாயைத் திறந்திருந்தால் என்னென்ன வந்திருக்குமோ.

ஏப்ரல் 26, சனி

கதவைத் திறந்தால் அக்கா. சொல்லாமல் கொள்ளாமல் தனியாக வந்திருந்தாள். முகம் பழையபடி ஊதியிருந்தது. பையிலிருந்து ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து நீட்டினாள். உப்பு இன்னும் ஏறியிருக்கிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைவரைத் தொடங்கி, பல்பைப் போட்டவன், பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்கள், மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்கள் என்று ஒவ்வொருவரையும் இழுத்து வைத்துத் திட்டிக்கொண்டே போனேன். வழக்குப் போடலாம் என்றேன். ஒருத்தரையும் விடக் கூடாது என்றேன்.

"நிறுத்துடீ" என்றாள் அக்கா.

நிறுத்தினேன்.

"எனக்கும் சேத்து நீயே கோவப்பட்டு முடிச்சிட்ட. வீட்டுக்கு வந்தாலும் கோவம், இங்க வந்தாலும் கோவம். எனக்குக் கோவமே வரலைடீ. பயமா இருக்கு. யார்கிட்ட போய்ச் சொல்றது?"

இத்தனை வருஷத்தில் பயம் என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

டயாலிசிஸ் என்றால் வலிக்குமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். "சரி, நீயும் கூட வா, ரெண்டு பேருமா டாக்டரம்மாவைக் கேப்போம்" என்றாள்.