இதழுக்கு அடியில் ஓர் எறும்பு

திருவனந்தபுரம்
12.7.2006

அன்புள்ள அம்மாவுக்கு, பொன்செல்வி எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே தாளில் ஒட்டிக் காப்பாற்றி வைத்திருக்கும் காய்ந்த செடிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் படம் எடுக்கிறேன். நேற்று, நூறு வருஷத்துக்கு முன் கல்லாற்றில் பறித்த பூவின் இதழ் ஒன்று உதிர்ந்துவிட்டது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். பயப்படாதீர்கள், யாரும் திட்டவில்லை. இதழுக்கு அடியில் ஓர் எறும்பு, ஆறு காலும் முழுசாக, தேன் குடிக்கக் குனிந்தபடியே இருந்தது!

எங்கள் அதிகாரி சுஜா மேடம் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "நூறு வருஷமாயிட்டு இதை ஆரும் கண்டதில்ல, செல்வி. பறிச்ச ஆளும் கண்டிருக்காது. நீதான் மொதல்ல காணுத" என்றார். பூவை எறும்போடு சேர்த்துப் படம் எடுத்தேன்.

ஹாஸ்டலில் இதைச் சொல்ல ஆளில்லை. வேலை செய்யும் ஏசி அறை குளிர்கிறது, போர்த்திக்கொள்ள ஒரு சேலை அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் உடுத்தியது போதும். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்
பொன்செல்வி