ஒரு தாய்க்கு மூன்று பத்தியம்

அன்புள்ள அக்கா,

இன்று காலை யாரோ முன்னறைக் கதிரையில் ஒரு துணி மூட்டையை வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தார்கள். நான் குசினியிலிருந்து வரும்போதே வாசனை எதிரே வந்தது. மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு எல்லாம் பதமாக வறுத்து, பிள்ளை பெற்றவளுக்கென்று இடித்த சரக்குத் தூள். ஒரு கணம் நீங்கள்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் கண்மூடிய செய்தியை உங்கள் மகன் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிப் போட்டு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. மூக்குக்கு அது எங்கே தெரிகிறது?

மூட்டைக்காரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்படிப் பாதியில் நிறுத்தினால் உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மூத்தவள் பிறந்தபோது எனக்கு உம்மா இல்லை. அக்குறணையில் வாப்பா வீட்டில் ஆண்கள் மட்டும்தான். இவரோ கண்டி டவுனில் எங்கள் கடையில் மல்லியும் மிளகும் நிறுத்துக்கொண்டு நின்றார். தபால் கந்தோர் வேலைக்கு மாற்றலாகி வந்த கணவரோடு பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த நீங்கள், ஒரு நாள் மூடிய சட்டியோடு வாசலில் நின்றீர்கள். "தங்கச்சி, எனக்கும் தாய்வீடு இருநூறு மைல் கட்டைக்கு அங்கால. உமக்கு நான், எனக்கு நீர். சரியோ?" என்றீர்கள். நாங்கள் தொடங்கிய தாய்வீட்டுச் சங்கத்துக்கு அதுதான் முதல் கூட்டம். தலைவியும் இல்லை, தீர்மானமும் இல்லை. சரக்குக் கறி மட்டும் இருந்தது.

பிறகு நம் தெருவில் பிள்ளை பெற்ற எவளுக்குத் தாய்வீடு தூரமோ அவள் வீட்டுக்கெல்லாம் போனோம். போனதோடு நின்றோமா? ஆளுக்கு ஆள் சட்டமும் போட்டோம். பூசணி கூடாது, வாழைப்பழம் கூடாது, பருப்பு வாய்வு என்பேன் நான். தேங்காய்ப்பால் கூடாது, மிளகாய் கூடாது, பெரிய மீன் கூடாது என்பீர்கள் நீங்கள். டவுன் பெண்கள் கெட்டிக்காரிகள். நம் முன்னால் தலையாட்டிவிட்டு, நாம் படியிறங்கியதும் வேண்டியதைத் தின்றார்கள்.

தோட்டத்துச் செல்லம்மாவுக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. எங்கள் கடையில் சாமான் வாங்கும் கங்காணியின் மனைவி சொல்லித்தானே ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம்? திரை கட்டிய மாட்டு வண்டியில் நான் அடிக்கு ஒரு ஸலவாத்துச் சொன்னேன், நீங்கள் வளைவுக்கு ஒரு முருகனைக் கூப்பிட்டீர்கள். தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு மருந்துச் சாமானைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல நம் சட்டங்களையும் சொல்லிவிட்டு வந்தோம். வந்ததில் எவ்வளவு பெருமை நமக்கு!

மறுமுறை போனபோது பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது, பூனைக்குட்டிச் சத்தம். செல்லம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. பக்கத்துக் காம்பராக்காரி தன் பிள்ளைக்குப் போக மிச்சத்தைக் கொடுத்து அதன் உயிரை இழுத்துப் பிடித்திருந்தாள்.

"என்ன சாப்பிடுறே?" என்று கேட்டேன்.

"சோறும் பூண்டு ரசமுங்க. டவுனு அம்மாமாருங்க சொன்னத ஒண்ணுகூடத் தொடலீங்க" என்றாள், நல்ல பிள்ளை மாதிரி.

அவளுடைய மாமியாரும் பெருமையோடு சேர்த்துக்கொண்டாள். "முட்ட, கருவாடு நான் குடுக்கலீங்க. தண்ணியும் ரெண்டு மொடக்குத்தான். வயிறு பெருத்துரும்ல?"

உங்கள் முகத்தை நான் பார்த்தேன், நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். உங்கள் பத்தியம், என் பத்தியம், மாமியார் பத்தியம், மூன்றையும் அந்த அப்பாவிப் பெண் ஒன்றுவிடாமல் காத்திருக்கிறாள். மூன்றையும் கழித்தால் பூமியில் மிச்சமிருப்பது பூண்டு ரசம்தான்.

நான் உடனே, "நாளைக்கே கோழி அனுப்புறேன், மிளகு போட்டு..." என்று ஆரம்பித்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து அழுத்தினீர்கள். "நீர் வாயை மூடும். நானும் மூடுறன். அவவே சொல்லட்டும்." பிறகு சாணி மெழுகிய தரையில், பட்டுக்கரைச் சேலையோடு செல்லம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள். "பிள்ளை, உமக்கு என்ன தின்ன ஆசை?"

அவள் மாமியாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிள்ளை மறுபடியும் முனகியது. "முருங்கக்கீரைங்க. தேங்கா அள்ளிப் போட்டு. கருவாட்டுக் கொழம்பு. அப்புறம்... ஒரு செம்பு தண்ணி" என்றாள். தண்ணீர் என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மாமியார் எதிர்த்து ஏதோ சொல்லப் போகிறாள் என்று பயந்தேன். அவளோ எழுந்து செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் முருங்கை பறிக்கப் போனாள். அடுத்த முறை நாம் போனபோது பிள்ளை பால் குடித்த மயக்கத்தில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் வண்டியில் ஏறியதும் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு விம்மி அழுதீர்கள். வண்டிக்காரர் காதில் விழாமலிருக்க நான் சத்தமாக இருமினேன்.

அன்று முதல் சங்கத்துக்கு ஒரே சட்டம். போன வீட்டில் எதையும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது, முதலில் கேட்க வேண்டும். பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிந்தவள் அடுத்தவள் வீட்டுக்குத் துணைக்குப் போக வேண்டும் என்பதை செல்லம்மாதான் சேர்த்தாள். அப்படித்தான் அது அக்குறணைக்குப் போனது, நாவலப்பிட்டி வரைக்கும் போனது. பெண்களுக்கும் வாக்குரிமை வந்த காலத்தில், "எங்கட சங்கத்தில நாங்கள் எப்பவோ குடுத்திட்டம்" என்று நீங்கள் மார்தட்டியது நினைவிருக்கிறதா?

உங்கள் வீட்டுக்காரருக்குப் பென்ஷன் வந்து ஊருக்குப் புறப்பட்ட அன்று, கண்டி ஸ்டேஷனில் நான் வெட்கத்தை விட்டு அழுதேன். நீங்கள் இல்லாமல் சங்கம் என்ன ஆகும் என்று கேட்டேன். "நாங்கள் ரெண்டு பேரும் வாயைத் திறக்காட்டி அது நல்லாத்தான் நடக்கும்" என்று சிரித்தீர்கள்.

இப்போது மூட்டைக்கு வருகிறேன். அன்று உங்கள் சரக்குக் கறியைக் குடித்து நான் தேறினேனே, அப்போது பிறந்த என் மூத்தவளுக்குப் போன வாரம் மகன் பிறந்திருக்கிறான். பிரசவம் என் வீட்டில்தான். அப்படியிருந்தும் எனக்குத் தெரியாமல் சங்கத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள், கள்ளி! ஏன் என்று கேட்டால், "உம்மா, நீங்க பக்கத்திலதான் ஈக்கிறீங்க. ஆனா தின்ன உடுறீங்க இல்லயே" என்கிறாள்.

வந்தவள் செல்லம்மா பழக்கிய ஒரு தோட்டத்துப் பெண். இருபது வயது இருக்கும். என் மகள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, "அக்கா, ஒங்களுக்கு என்ன சாப்பிடணும் போல இருக்கு?" என்று கேட்டாள். மகள் வாயைத் திறக்குமுன் நான் கதவடியில் நின்று, "வாழைப்பழம் மட்டும் கூடா..." என்றேன்.

நான் யாரென்று அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும் அக்கா. இருந்தும் மரியாதையாக எழுந்து வந்து என் கையைப் பிடித்து அழுத்தினாள். "கொஞ்சம் பொறுங்கம்மா. அவங்களே சொல்லட்டும்."

அவள் உங்களைக் கண்ணால் கண்டதில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கைக்கு இன்னும் அந்த அழுத்தம் தெரிகிறது. மகள் என்னைப் பார்த்துக்கொண்டே, "வாழைப்பழம்தான்" என்றாள். வாயை மூடிக்கொண்டு குசினிக்குப் போய், வாழைச் சீப்பில் கனிந்ததாகப் பார்த்து இரண்டு பழம் பிய்த்துக்கொண்டு வந்தேன்.

உங்கள் தங்கச்சி