மாடிப்படிக்கு அடியில் துரியன்

மத்திகிரி,
ஞாயிறு காலை.

அன்பு மகள் அனுப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், அம்மாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, என் முழங்கால் வழக்கம் போல மழைக்கு முன்பே சேதி சொல்லிவிடுகிறது. பினாங்கில் நீயும் மாப்பிள்ளை சந்தோஷும் உடலும் மனமும் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் விளக்கேற்றும்போது எங்கள் இருவருக்கும் முதல் நினைப்பு.

போனில் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். பொங்கலன்று அம்மா மறுபடியும் குழந்தை விஷயத்தைக் கேட்டதிலிருந்து நீ அவள் போனை எடுப்பதில்லை. எனக்கு மட்டும் நல்லா இருக்கோம்ப்பா என்று ஒரு வரி வருகிறது. அதைக் குறை சொல்ல எழுதவில்லை. எழுத வந்தது ஒரு பழத்தைப் பற்றி, துரியன் பழம். நீ இருக்கும் ஊரில் வண்டி வண்டியாகக் குவித்து விற்பார்களாம், நீ சாப்பிட்டும் இருப்பாய், உனக்குத் தெரிந்ததையே நான் சொல்கிறேனோ என்று தயக்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் முழுக்கப் படித்துவிடு.

சூளகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் யாரோ அம்மாவிடம், பிள்ளை இல்லாதவர்கள் இந்தப் பழத்தை ஒரு மண்டலம் விடாமல் சாப்பிட்டால் கைமேல் பலன் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு அதே பேச்சு. அவ ஊர்லயே கெடைக்குதாம்ங்க, நான் சொன்னா கேக்கமாட்டா, நீங்க எழுதுங்க என்றாள். நான் ஆயுள் முழுக்கத் தரப் பரிசோதனையில் இருந்தவன், கையில் எடுத்துப் பார்க்காத உதிரி பாகத்துக்குக் கையெழுத்துப் போட்டதில்லை. நாக்கில் வைத்துப் பார்க்காத ஒன்றை மகளைத் தின்னச் சொல்லி எப்படி எழுதுவது? அதனால் பஸ் ஏறிப் பெங்களூர் போய், வெளிநாட்டுப் பழங்கள் விற்கும் கடையில் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் காகிதம், பிளாஸ்டிக், சாக்கு என்று சுற்றி டேப் ஒட்டிக் கொடுத்தார், வாசனை வெளியே வராது சார் என்றார், அத்திப்பள்ளி தாண்டும் வரை அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும் என்று சொன்னதால் வீட்டில் வைக்க இடம் தேடினேன். சாமி படம் இருக்கிற அறைப்பக்கம் வேண்டாம் என்றாள் அம்மா. நிழலாக, காற்றோட்டமாக இருக்கட்டும் என்று நன்றாக யோசித்து, மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். நம் வீட்டுக் குடித்தனக்காரர்கள் எல்லோருடைய கேஸ் சிலிண்டரும் அங்கேதான் இருக்கிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை, மாடிப் போர்ஷனில் இருக்கும் முனிராஜ் ஷிப்ட் முடிந்து வந்தான். அவன் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறான், மூக்கு அப்படிப்பட்டது. படியில் கால் வைத்தவன் அப்படியே நின்று, கேஸ் லீக்கு, ஒருத்தரும் சுவிட்சுல கை வெக்காதீங்க, எல்லாரும் வெளிய வாங்க என்று ஒரு குரல் கொடுத்தான் பார். தலையில் எண்ணெயோடு, வாயில் பிரஷ்ஷோடு, தோசைக் கரண்டியோடு என்று எல்லோரும் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டோம். ஓடக்கூடாது, நடங்க நடங்க என்று தொழிற்சாலையில் பயிற்சி கொடுப்பது போலவே வரிசையில் நிறுத்தித் தலை எண்ணினான். எதிர் வீட்டு சாந்தம்மா, பல்செட்டு மாட்டறதுக்குள்ள கூப்புட்டியேடா பாவி என்று வாயைப் பொத்திக்கொண்டு அவனைத் திட்டினாள். எனக்கு மட்டும் அது என்ன வாசனை என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது அனு. கேஸில் கசிவு தெரிவதற்காகக் கலப்பதும், இந்தப் பழத்தில் இயற்கையாக இருப்பதும் கந்தகச் சேர்மங்கள்தான், வாங்கும் முன்பே படித்திருந்தேன். ஆனால் பழம் என்று சொன்னால் யாருக்கு என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து வாயைத் திறக்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முனிராஜ் ஒவ்வொரு ரெகுலேட்டருக்கும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான், எதிலும் குமிழி வரவில்லை, கடைசியில் சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுத்தெருவில் வைத்தான்.

பிரித்ததும் சாந்தம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இது எங்க தங்கச்சி மகளுக்குப் புள்ளைக்காக வாங்கிக் குடுத்த பழமாச்சே, இங்க யாருக்கு என்று கேட்டாள். கேட்டுவிட்டு எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தாள். எல்லோருமே பார்த்தார்கள். உன் பெயரை யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோர் வாயிலும் அது வந்து நின்றது. அப்போது உன் அம்மா முன்னால் வந்து, எனக்குத்தான், நான்தான் வாங்கியாரச் சொன்னேன் என்றாள். சாந்தம்மாதான் ஆரம்பித்தாள், இந்த வயசுலயா யக்கா, சாருக்குத் தெரியுமா? உன் அம்மா அசரவில்லை, தெரிஞ்சுதான் மனுசன் பஸ் ஏறிப் போய் வாங்கியாந்தாரு என்றாள். தெருவே சிரித்தது. தொட்டிலு நான் வாங்கித் தரேன் என்று சாந்தம்மா, வளைகாப்புக்குப் பந்தல் என் செலவு என்று முனிராஜ். உன் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தனை பேரின் கேலியையும் வாங்கிக்கொண்டாள். அவள் முன்னால் வராவிட்டால் கேலி எந்தப் பக்கமாகப் போயிருக்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இப்போது உனக்கும் தெரியும். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும், நானு ஒரு தரம் நின்னதுக்கே இப்பிடி இருக்குது, அவ எத்தன எடத்துல நின்னிருப்பாளோ என்றாள்.

பழத்தைத் தெருவிலேயே முனிராஜ் கொடுவாளால் முள்தோலில் ஓடும் கோடு பார்த்துப் பிளந்தான். சுவையைச் சரியாகச் சொல்ல என்னால் முடியுமா தெரியவில்லை. பார்க்கப் பலாச்சுளை மாதிரி, ஆனால் நார் இல்லை, பாலேட்டைச் சர்க்கரை போட்டுக் குழைத்தது போல நாக்கில் படிகிறது, நல்ல இனிப்பு, முடிவில் லேசாக ஒரு கசப்பு, பின்னாலேயே வதக்கிய வெங்காயத்தின் நினைவு வருகிறது. முதல் வாய்க்கு மூச்சைப் பிடித்துக்கொண்டேன், மூன்றாவது வாய்க்கு மூக்கு சமாதானமாகிவிட்டது. மிஞ்சியதை அம்மா தேங்காய்ப்பாலும் ஜவ்வரிசியும் சேர்த்துப் பாயசம் வைத்தாள், வெல்லம் பாதி போட்டாலே போதும். கொட்டையைப் பலாக்கொட்டை போல வேகவைத்துத்தான் தின்ன வேண்டும், பச்சையாகக் கூடாது. உங்கள் பக்கத்தில் இந்தப் பழக்கூழைப் புளிக்க வைத்து மீன் குழம்பில் போடுவார்களாமே, அது எனக்கு நம்பவே முடியவில்லை, உண்மையா என்று எழுது. உடம்புக்கு என்று பார்த்தால் நார்ச்சத்து, பொட்டாசியம், வைட்டமின் சி எல்லாம் உண்டு, நல்ல பலம் தரும், ஆனால் சர்க்கரையும் கொழுப்பும் அதிகம், இரண்டு மூன்று சுளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அம்மாவுக்கு ஒரு சுளைதான் கொடுத்தேன், இன்னொன்றுக்குச் சண்டை போட்டாள். குழந்தைப் பேற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தேடித் தேடிப் படித்தேன், நம் டாக்டரம்மாவிடமும் கேட்டேன், அப்படி நம்புகிற மாதிரி ஆதாரம் எதுவும் இல்லை என்றார். அதை அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் தைரியம் வரவில்லை. சொன்னபோது முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமலே சொன்னாள், அப்ப அவள மண்டலமெல்லாம் ஒண்ணும் இருக்க வேண்டாம்னு எழுதுங்க, பழத்தப் பழமாவே திங்கச் சொல்லுங்க.

ஆகவே அதைத்தான் எழுதுகிறேன். அங்கே ஆனி, ஆடியில் சீசன் என்று படித்தேன். நீயும் மாப்பிள்ளையும் பிடித்தால் சாப்பிடுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். அடுத்த ஞாயிறு சாயங்காலம் அம்மா உன்னைக் கூப்பிடுவாள். தட்டிப் பார்த்து நல்ல பழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்க வேண்டுமாம், அது ஒன்றைத்தான் கேட்பேன் என்று என் கையில் அடித்துச் சொல்லியிருக்கிறாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எடுத்துவிடம்மா.

இரவு படுக்கும் முன் கேஸை மூடினாயா என்று ஒரு தரம் பார்த்துக்கொள், வாசனை வந்தால் பழம் என்று நினைத்து இருந்துவிடாதே. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் துணையாக, குறைவில்லாமல் வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு, என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா கிருஷ்ணப்பன்.

பி.கு. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தெருவில் எல்லோரும் சிரித்ததை மட்டும் அடித்துவிடச் சொன்னாள், அவளுக்கு எதுக்குங்க அது, மனசு கஷ்டப்படுவா என்றாள். சரி என்று தலையாட்டினேன். அடிக்கவில்லை.