ஓர் அங்குலம் குட்டையான துப்பாக்கி

டோய்வோலா, மிச்சிகன்
19 அக்டோபர் 1997, ஞாயிறு

அன்பு மகள் மார்லீனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். நீயும் ராபர்ட்டும் பிள்ளைகளும் அந்த அரிசோனா வெயிலில் கருகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே இந்த வருடத்தின் முதல் பனி வியாழக்கிழமை விழுந்தது. தரையில் நிற்கவில்லை, ஆனால் வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோன் சமையலறையில் இருக்கிறது. தோளில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து உன் அப்பாவும் சமையலறையில்தான் இருக்கிறார். வலது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, நான் மாவு பிசைவதை மேற்பார்வை பார்க்கிறார். நாற்பத்திரண்டு வருடமாகத் தின்ற ரொட்டியில் இப்போதுதான் ஏலக்காய் குறைவு என்று கண்டுபிடித்திருக்கிறார். இப்போது தூங்குகிறார், அதனால் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா தன் துப்பாக்கியை விற்கிறார். ஆம், பட்டாளத்திலிருந்து வந்த அதே பழைய ஸ்பிரிங்ஃபீல்டுதான். போனமுறை டாக்டர், "தோள் ஆறிடும், ஆனா இனிமே அந்தப் பட்டாளத்துத் துப்பாக்கிய அதுல வச்சு வெடிக்காதீங்க. வேணும்னா சின்னதா ஒண்ணு வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் இவர் "வித்துடலாம்" என்றார். அன்றைக்கு அவர் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

முதலில் உன் தம்பியைத்தான் கேட்டார். டேல் அதை ஒருமுறை தோளில் வைத்துப் பார்த்தான். "வேணாம்ப்பா, எனக்கு இது கைக்குள்ளயே நிக்கல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அவனிடம்தான் தோளில் பதியும் பிளாஸ்டிக் கட்டை போட்ட புதுத் துப்பாக்கி இருக்கிறதே. மழையில் போட்டாலும் ஒன்றும் ஆகாதாம். இவர் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் வருத்தமில்லை. அலமாரியில் என் கோட்டை மாட்ட இடம் கிடைக்குமே என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை ஹோட்டனுக்குப் போனோம், ரஸ்ஸல் ட்ரெம்பாத்தின் கடைக்கு. உன்னோடு படித்த பெக்கியின் அப்பா, துப்பாக்கி வாங்கி விற்கிறவர். இவரால் வண்டி ஓட்ட முடியாது என்பதால் நான்தான் ஓட்டினேன். அதனால்தான் எல்லாவற்றையும் என் காதால் கேட்டேன். இல்லாவிட்டால் இவர் வந்து "விலை கேட்டேன்" என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பார்.

நீ அங்கே இருந்திருக்க வேண்டும் மார்லீன். எவரிடமும் பேசாத உன் அப்பா அன்று பேசினார். துப்பாக்கியை மேசையில் வைத்து, தான் செய்த வேலைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் விலை ஏறும் என்று நினைத்துக்கொண்டு காட்டினார், பாவம். "குழல்ல ரெண்டு இஞ்சு வெட்டிட்டேன், தூக்கிட்டு நடக்க லேசா இருக்கும்" என்றார். ரஸ்ஸல் பெருமூச்சு விட்டார். "தொலைநோக்கி வைக்க மூணு ஓட்டை போட்டேன்" என்றார். ரஸ்ஸல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, "நடு ஓட்டை கோணையா இருக்கேண்ணே" என்றார். "அது அப்படித்தான் இருக்கும்" என்றார் இவர். இரும்பில் பட்டாளத்து எழுத்துகள் அசிங்கமாக இருந்தன என்று அரம் போட்டுத் தேய்த்து எடுத்ததையும் பெருமையாகச் சொன்னார். ரஸ்ஸல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, நீங்க தப்பா நினைக்காதீங்க. இத வாங்குன அன்னிக்கே எண்ணெயத் தடவிக் கட்டிலுக்கடியில போட்டுட்டு நீங்க தூங்கியிருந்தா, இன்னிக்கு நானூறு டாலர். நீங்க ராப்பகலா உழைச்சு அத நூத்தம்பதுக்குக் கொண்டாந்திருக்கீங்க" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பழைய ராணுவத் துப்பாக்கி ராணுவம் கொடுத்தபடியே இருந்தால்தான் சேகரிப்பவர்கள் பணம் தருவார்களாம். கை வைத்தால் அது வெறும் வேட்டைத் துப்பாக்கி. அந்தக் காலத்தில் எல்லா ஆண்களும் பதினைந்து டாலருக்கு இதைத் தபாலில் வரவழைத்து, குளிர்காலம் முழுக்க அறுத்தும் தேய்த்தும் அழகு பண்ணினார்கள். இந்தப் பக்கத்தில் கை வைக்காத துப்பாக்கி ஒன்றைக்கூடத் தான் பார்த்ததில்லை என்றார் ரஸ்ஸல்.

"பழைய பட்டாளத்துக் கட்டையாவது இருக்கா? அது மட்டுமே நூறு டாலர் போகும்" என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். புதுக் கட்டை செதுக்கி முடித்ததும் பழையதை இரண்டாக வெட்டி, நாம் நீராவிக் குளியல் போடும் சௌனாவின் அடுப்பில் வைத்தது எங்கள் இருவருக்கும் நினைவிருக்கிறது. எண்ணெயில் ஊறிய மரம், பிரமாதமாக எரிந்தது. "அதுல ரெண்டு சனிக்கிழம குளிச்சோம்" என்றார் உன் அப்பா. ரஸ்ஸல் வாய்விட்டுச் சிரித்தார். நூறு டாலருக்கு வெந்நீர் போட்டுக் குளித்த ஆட்கள் டோய்வோலாவில் நாங்கள் மட்டும்தானாம்.

இவர் செதுக்கிய கட்டையை மட்டும் ரஸ்ஸல் பாராட்டினார். நல்ல வால்நட் மரம், கையால் இழைத்தது, பிடி வழுக்காமலிருக்கச் செதுக்கிய கட்டம் ஒன்றுகூடத் தப்பவில்லை என்றார். இவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அப்புறம் ரஸ்ஸல் அதை எடுத்துத் தோளில் வைத்தார். உடனே இறக்கினார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"என்னண்ணே இது, ஒரு இஞ்சு குட்டையா இருக்கு? யாருக்கு வெட்டினது?" என்று கேட்டார்.

இவர், "அடியில மரம் வெடிச்சிருந்துச்சு, அதான் வெட்டினேன்" என்றார்.

வெடிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் கட்டையை வெட்டிய அன்று நான் பக்கத்தில்தான் இருந்தேன். உனக்குப் பதினான்கு வயது, முதல் வேட்டை லைசென்ஸ் வாங்கிய வருடம். சமையலறை மேசைக்கு முன்னால் உன்னை நிற்கவைத்து, கட்டையின் அடியை உன் முழங்கை மடிப்பில் பொருத்தி, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தார். எட்டவில்லை. நீ உதட்டைப் பிதுக்கினாய். அவர் பேசாமல் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு குளிர்காலம் செதுக்கிய கட்டையை என் ரொட்டிப் பலகையில் வைத்து அறுத்தார். நான்கூடத் திட்டினேன், பலகைக்காக.

ரஸ்ஸலுக்கு இது எதுவும் தெரியாது. அவர், "இவ்ளோ குட்டையா இருந்தா வெடிக்கும்போது கட்டைவிரல் வந்து மூக்குல இடிக்குமே. இத்தன வருஷம் எப்படிண்ணே சுட்டீங்க? பத்து டாலருக்கு ஒரு ரப்பர் அட்டை வாங்கிப் பின்னால வச்சிருந்தா சரியாப் போயிருக்குமே" என்றார். "பழகிப் போச்சு" என்றார் இவர்.

மார்லீன், நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒவ்வொரு நவம்பரிலும் மான் வேட்டைக் குடிசையிலிருந்து இவர் வீங்கிய மூக்கோடு வருவார். குடித்துவிட்டு எங்கேயோ விழுந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். வருடா வருடம் திட்டினேன். ஒருமுறை பாதிரியாரிடம்கூடச் சொல்லிவிட்டேன். பாதிரியார் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் குடியின் தீமைகளைப் பற்றிப் பேசினார். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, கடைசியில் அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது?

கடைசியில் ரஸ்ஸல் ஒளிக்காமல் சொன்னார். குட்டைக் கட்டையை வளர்ந்த ஆள் எவனும் வாங்க மாட்டான், அதனால் முழுத் துப்பாக்கியாக விற்றால் நூறு டாலர்தான். ஆனால் பெரிய பாலத்தைத் தாண்டித் தெற்கே, கிராண்ட் ராபிட்ஸில் ஒருவர் இருக்கிறார். பழைய துப்பாக்கிகளைத் திரும்ப ராணுவக் கோலத்துக்குக் கொண்டுவருகிறவர். அவருக்கு உள்ளே இருக்கும் பாகங்கள் தேவை. குண்டை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட், விசை, விசையைச் சுற்றின இரும்பு எல்லாம் கழற்றிக்கொண்டு நூற்றெண்பது தருவார். "கட்டை அவருக்கு வேணாம். அத நீங்க சௌனாவுக்கு வச்சுக்கலாம்" என்று வேடிக்கையாகச் சொன்னார். இந்தமுறை உன் அப்பா சிரிக்கவில்லை. "வரச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். அடுத்த சனிக்கிழமை, இருபத்தைந்தாம் தேதி, அந்த ஆள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டேன், "ஏங்க, அந்த ரப்பர ஒட்டியிருக்கக் கூடாதா?" என்று. எங்கள் ரோட்டில் திரும்பும்போது, "ஒட்டிட்டா அப்புறம் பேத்தெடுக்கறது கஷ்டம்" என்றார்.

யாருக்காகப் பேர்த்தெடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நேற்று சௌனாவில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு அது முழுதாகப் புரிந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். வேர்வையில் தெரியாது என்பது சௌனாவில் ஒரு வசதி.

உனக்கு இருபது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உன் பெரியப்பா, "துப்பாக்கி பையனுக்குத்தான் போகணும், பொண்ணு கல்யாணம் ஆனா போயிடுவா" என்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் அப்பா வாயைத் திறக்கவில்லை. அவரும் அதையே நினைக்கிறார் என்று நீ எடுத்துக்கொண்டாய். எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாய். அந்த நவம்பருக்குப் பிறகு நீ எந்த நவம்பரிலும் வேட்டைக்கு வரவில்லை. ஜூலையில் வருகிறாய், பிள்ளைகளோடு ஏரியில் குளித்துவிட்டுப் போகிறாய். நான் குறை சொல்லவில்லை. ஆனால் உன் அப்பா எதற்குத்தான் வாயைத் திறந்திருக்கிறார்? என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதுகூட அவர் இல்லை, அவருடைய அக்கா. பேசாததை வைத்து அவரை அளந்தால் தப்புக் கணக்காகத்தான் வரும்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே. வெள்ளிக்கிழமை காலை, துப்பாக்கியின் போல்ட்டைக் கழற்றி எடுத்து ஒளித்துவிட்டேன். எங்கே என்று எழுத மாட்டேன், இந்த வீட்டில் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் யார் படிப்பார்கள் என்று தெரியாது. அது இல்லாமல் கிராண்ட் ராபிட்ஸ்காரர் வந்தும் பிரயோஜனமில்லை. இவர் ஒற்றைக் கையால் அலமாரி, பட்டறை, வண்டி எல்லாம் தேடினார். என்னிடம் கேட்கவே இல்லை. சாயங்காலம் ரஸ்ஸலுக்கு ஃபோன் போட்டு, "போல்ட் எங்கயோ போயிடுச்சு. அந்த ஆள இப்போதைக்கு வரவேணாம்னு சொல்லு. கிடைச்சா சொல்றேன்" என்றார். அப்புறம் உட்கார்ந்து ரொட்டி மூன்று துண்டு தின்றார். ஏலக்காயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விசில் அடித்துக்கொண்டு விறகு எண்ணப் போனார்.

ஆனால் எத்தனை நாளைக்கு ஒளித்துவைக்க முடியும்? கேட்டால் கொடுத்துவிடுவேன், எனக்குப் பொய் சொல்ல வராது. அதற்குள் நீ கேட்க வேண்டும். எனக்கு அந்தத் துப்பாக்கி வேண்டும் என்று அவரிடமே கேட்க வேண்டும். அவர் தானாக உனக்குத் தர மாட்டார், உனக்குத் தேவையிருக்காது என்று பயம். நீயாகக் கேட்க மாட்டாய், ரோஷம். இரண்டு பேரும் அச்சு அசல் ஒன்றுதான். பதினான்கு வயதுக்குப் பிறகு நீயும் ஓர் அங்குலம்கூட வளரவில்லை. ரஸ்ஸல் சொன்ன மாதிரி அந்தக் கட்டைக்கு ஆள் கிடைக்காமல் இல்லை. ஒரே ஓர் ஆள் இருக்கிறாள்.

மான் வேட்டை தொடங்கும் நவம்பர் பதினைந்து இந்த வருடம் சனிக்கிழமை விழுகிறது. வேலைக்கு அதிகம் லீவு போட வேண்டியிருக்காது. இவரால் சுட முடியாது, ஆனால் குடிசைக்குப் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம், யாராவது கூட இருந்தால். ராபர்ட் இரண்டு நாள் பிள்ளைகளைச் சமாளிக்கட்டும், ஒன்றும் தேய்ந்துபோக மாட்டார்.

எழுந்துவிட்டார், கட்டில் சத்தம் கேட்கிறது. முடிக்கிறேன். உனக்கும் உன் வீட்டுக்கும் ஆண்டவர் எல்லா நலமும் தரட்டும். வேறு மாநிலத்துக்குத் துப்பாக்கி அனுப்புவதற்குச் சட்டப்படி ஏதோ வழி இருக்கிறது என்று ரஸ்ஸல் அன்று கடை வாசல்வரை வந்து சொல்ல ஆரம்பித்தார். நான் நின்று கேட்கவில்லை. அதை அனுப்பிவைக்க எனக்கு வழி தெரியாது மகளே. நீதான் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

உன்னை எதிர்பார்க்கும்
அம்மா ஐலி